ஈசானிய மூலைக்குத் திருப்பிய தண்ணீர்

தினேஷ்,

நான் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்ததைப் பார்த்து உங்கப்பா சிரித்துவிட்டுப் போனார். நீயும் சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசியும் பார்த்தேன். தம்பி, சாப்பிட்டாயா என்று நல்லபடியாகத்தான் ஆரம்பிக்கிறேன். பாதிக்கு மேல் கத்திக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்ட உங்கப்பா, இதை அனுப்பினால் அவன் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டான் என்றார். அழித்துவிட்டேன். எழுதினால் கத்த முடியாது, கைதான் வலிக்கும். மத்தியானச் சோறு ஆன கையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. கிள்ளானில் இப்போதெல்லாம் மூன்று மணி தாண்டினால் அடித்து ஊற்றுகிறது. வானம் கறுத்தால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், நான் பின்கதவில் நின்றுகொண்டிருப்பேன். இதை எழுதும்போதும் நடுவில் எழுந்து போவேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

"சுவரு காயட்டும்மா, ஒரு வாரம் மாலினி வீட்ல இருந்துட்டு வரோம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் உன் மாமியார் வீட்டுக்கு நீயும் மாலினியும் இரண்டே பையோடு போனீர்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை, மூன்றாவது மாதம் நடக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ரோஹானா, துணி காயப்போடும்போதெல்லாம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, தினேஷ் இன்னும் வரவில்லையா என்று மலாயில் கேட்கிறார். கோயிலில் பார்ப்பவர்கள் மகனையும் மருமகளையும் கண்ணிலேயே காணோமே என்கிறார்கள். செந்தூல் அத்தை இருக்கிறாளே, அவளுக்கு என்ன நாசூக்கு, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விட்டானா என்று நேராகவே கேட்டுவிட்டாள். எல்லாருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். சுவர் ஈரம், காய்ந்ததும் வந்துவிடுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. சுவர் காய்ந்தால் நீ வருவாயா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சுவர் ஏன் நனைந்தது என்று சொல்லியாக வேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும்.

கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குழாயில் இறக்கும் கட்டரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்திலிருந்து முட்டிவலி வந்து நான் வேலையை விடும்வரை, அந்தச் சீனத் தவுக்கேயின் ஹார்ட்வேர் கடையில்தான் என் பகலெல்லாம் போனது. அக்கா, புதுசா கட்டர் மாட்டினேன், தண்ணீர் போகாமல் நிற்கிறது என்று மாதத்துக்கு ஒருவராவது வருவார். எப்படி மாட்டினாய் என்று கேட்டால், லெவல் வைத்து நேராகத்தான் மாட்டினேன் என்று பெருமையாகச் சொல்வார். நேராக மாட்டினால் நிற்காமல் என்ன செய்யும்? குழாய் எந்தக் கோடியில் இறங்குகிறதோ அந்தக் கோடி தாழ்ந்திருக்க வேண்டும். பத்தடிக்கு அரை அங்குலம் போதும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ரொம்பச் சாய்த்தாலும் ஆகாது, கூரைத் தண்ணீர் கட்டரைத் தாண்டிக் குதித்துவிடும். சரிவு இல்லாமல் தண்ணீர் தேங்கினால் தகரம் துருப்பிடிக்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார ஆட்கள் வந்து அபராதம் எழுதிவிட்டுப் போவார்கள். இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தவள் நான். என் பேச்சைக் கேட்டு முதலாளி தவுக்கேகூட, இனி நீயே ஏணி எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டு வா என்று கிண்டல் செய்வார்.

நம் வீட்டுப் பின்கூரைக்கு இருபதடி நீளம். இடது கோடியில் உன் அறை, வலது கோடியில் சமையலறை, சமையலறைக்குப் பின்னால் சந்து வடிகால். பழைய கட்டர் உன் அறைப் பக்கம் உயர்ந்தும் சமையலறைப் பக்கம் தாழ்ந்தும் இருந்தது. தண்ணீர் ஓடிவந்து ஒரே குழாயில் நேரே வடிகாலில் விழும். எத்தனை வருஷ மழை, உன் அறைக்குள் ஒரு சொட்டு வந்தது கிடையாது. துருப்பிடித்துவிட்டது, கல்யாண வீட்டில் இப்படி இருக்கக்கூடாது என்று மாற்றச் சொன்னது உங்கப்பா. கடையில் எனக்குப் பழக்கமான கூரைவேலைக்காரர் பாலாவைக் கூப்பிட்டோம். அவர் வந்து அளவெடுத்துவிட்டுப் போன மறுநாள், கல்யாணப் பத்திரிகையில் யார் யார் பெயர் போட வேண்டும் என்று பேச பிரிக்பீல்ட்ஸிலிருந்து உன் மாமா வந்தார். என் அண்ணன் என்பதால் சொல்லவில்லை, அவருக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் பின்பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றாவிட்டால் டீ இறங்காது. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். நம் வரிசை வீடுகள் மூலைவாட்டமாக நிற்பதால் உன் அறை ஈசானிய மூலை, வடிகால் இருக்கும் பக்கம் தென்மேற்கு என்று காட்டினார்.

"தென்மேற்குல தண்ணிய எறக்கி விட்டிருக்கியேம்மா. ஆம்பளப் பிள்ள இந்த வீட்ல தங்க மாட்டான்" என்றார்.

அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. வாஸ்து, தண்ணீர் ஈசானியத்தில்தான் இறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மாமாவிடமும் அப்போது சிரித்துத்தான் வைத்தேன். அவர் கார் தெருமுனை தாண்டும்வரைதான் அந்தச் சிரிப்பு. நம் வரிசையை ஒருதரம் நினைத்துப் பார். அந்தக் கோடி வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் மெல்பர்ன். அதற்கடுத்த வீட்டுப் பையன் சிங்கப்பூர். எதிர்வீட்டில் கிழவனும் கிழவியும் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கு நீ ஒருவன்தான். மருமகள் வந்தாலும் இங்கேதான் இருப்போம் என்று நீயாகவே சொன்னபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா அப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய? சாமான் விற்ற புத்தி ஒரு பக்கம் இழுத்தது, பெற்ற வயிறு ஒரு பக்கம் இழுத்தது. வயிறுதான் ஜெயித்தது.

நீ எவ்வளவோ சொன்னாய். ஏர்கான் மாட்டுகிறவன், தினமும் தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு வைப்பதே உன் தொழில். "அம்மா, தண்ணிக்கு வாஸ்து தெரியாது லா, பள்ளந்தான் தெரியும்" என்றாய். அது சரியான பேச்சு. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் வீட்டு ஹாலில் மாட்டிய ஏர்கானை நினைவுபடுத்தி உன் வாயை அடைத்தேன். குழாயை மேல்நோக்கி வளைத்து வைத்துவிட்டு நீ போய்ப் படுத்துவிட்டாய். மறுநாள் சொட்டுச் சொட்டாக ஒழுகி டிவிப் பெட்டிக்குள் தண்ணீர் போய், ஒரு மாதம் நம் வீட்டில் படம் இல்லை. பெரிய மேஸ்திரி பேச வந்துவிட்டான் என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். உனக்கு இருக்கிற குறை இதுதான் தினேஷ், யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து போய்விடுவாய். இதைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியது இன்னும் இருக்கிறது.

பாலாவும் சொல்லிப் பார்த்தார். அக்கா, வடிகால் அந்தக் கோடியில் இருக்கிறது, தண்ணீரை இந்தக் கோடிக்குக் கொண்டுவந்து இறக்கி மறுபடி தரையில் அந்தக் கோடிக்கே விட வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியைச் சாத்தினார். உன் அறைப் பக்கம் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் கை நுழையும் இடம்தான். அதனால் பழைய குழாயில் பாதிகூட இல்லாத ஒரு சின்னக் குழாயை இரண்டு மூட்டு வளைத்து அங்கே இறக்கினார். அதைத் தரையோடு தரையாக வீட்டின் பின்பக்கம் முழுக்க ஓட்டி வடிகாலில் சேர்த்தார். தரைக்குழாய்க்குச் சரிவு வைக்க இடமே இல்லை. இருபதடிக் கூரைத் தண்ணீரும் உன் அறை மூலைக்கு ஓடிவந்து அந்த விரற்கடை ஓட்டைக்காக முண்டியடிக்க வேண்டும். இதைக் கடையில் எவனாவது வந்து சொல்லியிருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பேன் தெரியுமா? எல்லாம் தெரிந்துதான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்ய வைத்தேன்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. அந்த மாதம் வெயில். மாமா மறுபடி வந்து பின்பக்கம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், எனக்கு நிம்மதியாக இருந்தது. மாலினியும் நன்றாகத்தான் இருந்தாள். காலையில் எழுந்து உங்கப்பாவுக்குத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள், வந்ததும் என்னோடு நின்று வெங்காயம் உரிப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடாமலும் இல்லை. அப்புறம் மழை ஆரம்பித்தது. முதல் பெரிய மழையிலேயே கட்டர் நிரம்பி, வெளியே வழிய வேண்டிய தண்ணீர் கூரையின் ஓரப் பலகைக்குப் பின்னால் புகுந்து உன் அறைச் சுவரில் இறங்கிவிட்டது. முதலில் மேலே ஒரு கறை, பிறகு கட்டில் தலைமாடு வரை ஈரம், பிறகு கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். அவள் தினமும் துடைத்தாள். அவளுக்கு இரவில் இழுப்பு வருகிறது என்று நீ சொன்னாய். ஏர்கானிலேயே வளர்ந்த பெண், கொஞ்சம் ஈரம் பட்டால் இப்படித்தான் என்று நான் உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் உனக்கு நினைவிருக்கிறதா? இருக்கும். கொட்டுகிற மழை. மாலினி வாளியும் பழைய துண்டுமாக அறையிலிருந்து வெளியே வந்தாள், புடவை முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. நீ கைப்பேசியோடு நாற்காலியில் இருந்தாய். அவள் மெதுவாகத்தான் கேட்டாள், "அத்தே, அந்தப் பைப்ப மட்டும் பழையபடி மாத்திட்டா சரியாயிடும்ல?" என்று. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீ வர்றதுக்கு முன்னாடி இந்தச் சுவரு நனைஞ்சதே இல்ல" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், வாயிலிருந்து வரும்போது அதில் இருந்த விஷம் எனக்குத் தெரியவில்லை. கட்டர் மாற்றியது கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால். அதற்கு முன் சுவர் நனையவில்லை. கணக்குப்படி பார்த்தால் சரி. ஆனால் நம் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நீ கால் வைத்த நேரம் சரியில்லை என்று வந்த மருமகளிடம் சொல்வதற்கு நாம் வேறு வார்த்தை எதையும் பயன்படுத்துவதில்லை. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதே அவள் கையைப் பிடித்து, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, மாமா பேச்சைக் கேட்டு நான்தான் இந்தக் கூத்தைப் பண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். வறட்டுக் கௌரவம். வாஸ்து தப்பு என்று சொன்னால் மாமா தப்பு, மாமா தப்பு என்றால் நான் தப்பு. கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றேன். அவள் வாளியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து மறுபடி துடைக்கப் போனாள்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். நான் அதைச் சொன்னபோது நீ பத்தடி தூரத்தில் இருந்தாய். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், மறுபடி கைப்பேசியைப் பார்த்தாய். ஏன்டா? ஏர்கானுக்கும் வாஸ்துவுக்கும் என்னிடம் சண்டை போடத் தெரிந்தவனுக்கு இதற்கு வாய் வரவில்லையா? அம்மா, என்ன பேச்சு பேசறே என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் அங்கேயே அடங்கியிருப்பேன். அவளும் இந்த வீட்டில் தனக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டிருப்பாள். நீ மறுவாரம் சுவர் காயட்டும் என்று பையைக் கட்டினாய். உனக்கு நான் புத்தி சொல்வதாக இருந்தால் இந்த ஒன்றுதான் சொல்வேன். அம்மா பேசினாலும் சரி, அவள் அம்மா பேசினாலும் சரி, உன் பெண்டாட்டியை ஒருவர் குத்திப் பேசும்போது சும்மா இருக்காதே. எழுந்து போவது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்?

நீங்கள் போன பிறகு உன் அறைக்குள் நான் போகவே இல்லை. உன் பழைய தலையணை இல்லை என்பதை மட்டும் கதவிலிருந்தே பார்த்துவிட்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறாயே, உறை மாற்றவிடாமல் அழுவாயே, அதுதான். ஒரு இரவு வெளியூர் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாய், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் இனி வரமாட்டான், அதனால்தான் எடுத்துப்போனான் என்று தோன்றும். மறுநாள், சே, ஒரு வாரத்துக்கும் அதை எடுத்துத்தான் போவான் என்று தோன்றும். இப்படியே ஒரு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் அறையைப் பூட்டி வைத்தால் இன்னும் கெடும் என்று துணியும் பிளீச்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். துடைக்கத் துடைக்கத் துணி கறுப்பாக வந்தது. அரை மணி நேரத்தில் எனக்கே மூச்சு முட்டியது, வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து இருமினேன். அவள் இதில் வாரக்கணக்கில் படுத்திருக்கிறாள். நான் நடிப்பு என்று நினைத்தேன்.

பாலாவைக் கூப்பிட்டேன். தண்ணீரைப் பழையபடி சமையலறைப் பக்கம் திருப்ப வேண்டும் என்றேன். சொல்லும்போது எனக்குள் என்ன ஓடியது என்று உனக்குத் தெரிய வேண்டும். மாமா சொன்னதை நான் நம்பாமல் போய்விடவில்லை. இன்றைக்கும் முழுசாக நம்பாமல் இல்லை. தண்ணீரைத் தென்மேற்கில் விட்டால் நீ இந்த வீட்டில் தங்க மாட்டாய் என்பது என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் திருப்பச் சொன்னேன். அவள் மூச்சு பெரிசா, என் பயம் பெரிசா என்று கேட்டுக்கொண்டேன். இதை நான் பெரிய தியாகம் என்று சொல்ல வரவில்லை. கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதை என் வீட்டில் செய்ய இவ்வளவு நாளாயிற்று, அவ்வளவுதான். பாலா சிரித்தார். மறுபடி மாமா வந்து பார்த்தால் என்ன சொல்வீர்கள் அக்கா என்றார். அவரை முன்வாசலிலேயே உட்காரவைத்து டீ கொடுப்பேன் என்றேன்.

இந்த முறை நான் நாற்காலி போட்டு உட்காரவில்லை, கூடவே நின்றேன். பழைய ஆணி ஓட்டைகளையெல்லாம் அடைத்தார். உன் அறைக் கோடியில் ஓர் ஆணி அடித்து, மறுகோடியில் லெவல் பார்த்து அதற்குச் சரியாக ஓர் அங்குலம் கீழே இன்னோர் ஆணி அடித்து, நடுவில் நூல் கட்டினார். அந்த நூலைத் தொட்டுத் தொட்டுக் கட்டரைப் பிடிக்கும் தாங்கிகளை அடித்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தாங்கி நூலுக்கு மேலே தூக்கியிருந்தது, கழற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். ஒரு தாங்கி தூக்கினாலும் அதற்கு முன்னால் குட்டை கட்டிவிடும். சமையலறைப் பக்கம் பெரிய குழாய் வைத்து நேரே வடிகாலில் விட்டார். எல்லாம் முடிந்ததும் மழைக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். உங்கப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, இறங்குடி, இறங்குடி என்று கீழே இருந்து கத்தினார். தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலையில் சாமிக்கு வைத்த செவ்வந்திப் பூ ஒன்றைக் கட்டரில் போட்டேன். அது எங்கும் நிற்காமல் ஓடி மறுகோடிக் குழாயில் விழுந்தது. கக் ரோஹானா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினார்.

அதன் பிறகு ஒரு வாரம் வெயில், அப்புறம்தான் மழை பிடித்துக்கொண்டது. நான் உன் அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். மழை முடியும்வரை அங்கேயே இருந்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நீ எப்போது கூப்பிட்டாலும் முதல் பேச்சு இதுதானே. "சுவரு எப்படிம்மா இருக்கு?" என்றாய். "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்றேன். பொய். சரி, பார்த்துக்கலாம் என்று நீ சொன்னாய், உன் குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அப்படிப் பட்டதுதானா, நிஜமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ கேட்கும்போதெல்லாம் ஈரம் என்றே சொல்கிறேன். அதற்குள் சுவரைச் சுரண்டிப் பூஞ்சண மருந்து அடித்து, வெள்ளையடித்துக் காயவும் வைத்தாயிற்று. ஜன்னல் பக்கம் மாலினிக்குப் பிடிக்கும் என்று வெளிர்ப் பச்சை. உங்கப்பாதான் அடித்தார். அடித்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"காஞ்சிருச்சின்னு சொன்னா வராம போயிருவானோன்னு பயமா ஒனக்கு?"

முப்பது வருஷமாக வாயைத் திறக்காத மனுஷன், திறந்தால் இப்படித்தான். ஆமாம், அந்தப் பயம்தான். சுவர் ஈரமாக இருக்கும்வரை நீ சுவருக்காகப் போயிருக்கிறாய். நான் சந்தையில் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம். சுவர் காய்ந்த பிறகும் நீ வரவில்லை என்றால், நீ என்னால்தான் போயிருக்கிறாய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீயும் என்னைப் போலத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஊர் உலகத்துச் சுவரையெல்லாம் துளைபோடுகிறவன், ஒரு நாள் வந்து இந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. உனக்கும் அது ஈரமாக இருப்பது வசதியாகத்தான் இருக்கிறது.

இந்தப் பத்தியை மாலினியிடம் வாசித்துக் காட்டு. மாலினி, அந்தச் சுவர் உன்னால் நனையவில்லை. என் பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவான் என்று பயந்து, தண்ணீர் போகவேண்டிய வழியை மாற்றியது நான். உன் மூச்சைக் கெடுத்ததும் நான். நீ கேட்ட கேள்வி சரி, நான் சொன்ன பதில் அசிங்கம். உன் அம்மா வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல நான் தயார். வரச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் இது உனக்குச் சேர வேண்டியது.

மழை விட்டுவிட்டது. சமையலறைப் பக்கம் குழாயில் தண்ணீர் இன்னும் சளசளவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது, உங்கப்பா செருப்பைத் தேடுகிறார், இதைத் தபால் பெட்டியில் போடக் கொடுத்தனுப்பப் போகிறேன். சுவர் காய்ந்துவிட்டது தினேஷ். காய்ந்து ரொம்ப நாளாகிறது. இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். சுவரைப் பற்றி மட்டும் கேட்காதே. வருகிறாயா என்று சொல். வரவில்லை என்றால், வரலம்மா என்று அந்த வார்த்தையையே சொல். நான் கத்துவேன், கத்தத்தான் செய்வேன். நீ போனை வைத்துவிடாமல் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

அம்மா